கம்பெனிக்கு ஒரு ஜோடிக் கயிறு

கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்தபோது, என் மனைவி கமலவேணி கொட்டகைக்குள் போய் இரண்டு மாடுகளின் கயிற்றையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம். தம்பின் ஊருக்குப் போன ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்து எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். பதிலுக்குப் புதுச் சாலை, லாரி, கிடங்கு எல்லாம் தன் செலவில் போட்டுத் தருவதாக அவர்களுடைய கம்பெனி ஒன்று சொன்னது. வண்டிமாடுகளை அதனிடம் விற்றுவிட வேண்டும்; வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டும் கம்பெனியில் பங்கும் கிடைக்கும். எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஆறு வண்டிக்காரர்கள் விற்றாயிற்று. எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஜோடி மட்டும்தான். ஆனாலும் பங்கு என்ற வார்த்தையில் நான் மயங்கிப்போயிருந்தேன், மறைப்பானேன்.

"கயிறு எங்க தம்பி?" என்று, பத்திரம் எழுதிக்கொண்டு வந்திருந்த கம்பெனி கிராணி தேவதாஸிடம் கேட்டாள்.

"அதான் உங்க தோள்ல இருக்கே அக்கா."

"இது எங்க வீட்டுக் கயிறு. வாங்குறவங்கதான் புதுக் கயிறு கொண்டாரணும். உங்கப்பாவும் மாடு வச்சிருந்தவருதானே?"

விற்கிற மாட்டோடு கயிற்றையும் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது அவனுக்கும் தெரியும். தலையைச் சொறிந்துகொண்டு, நோட்டுப் பையோடு சந்தைக்குப் போனான்.

இரண்டு மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, வெறுங்கையோடு வந்தான்.

"நோட்டப் பாத்ததும் கயித்துக்கடை ஹாஜா, கயிறே இல்லேங்கிறாரு அக்கா. எனக்குப் பின்னால வந்தவன் அரிசியக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போறான்."

கமலவேணி சிரிக்கவில்லை. "ரெண்டு கயிறு வாங்க முடியாத நோட்ட வச்சிக்கிட்டா எங்களுக்கு ரோட்டு போடப் போறீங்க?"

நான் பேனாவை மூடி அவனிடம் நீட்டினேன்.

"நாளைக்கு எங்க ஜப்பான் முதலாளி துவானே நேர்ல வருவாரு, ராஜரத்தினம் அண்ணே," என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை, அவனுக்கே பயமாக இருந்தது.

"வரட்டும். அவரையும் கயித்தோட வரச் சொல்லுங்க," என்றாள் கமலவேணி.

எனக்கும் பயம்தான். ஆனால் இப்படி ஒருத்தியைக் கட்டியிருக்கிறோமே என்று அந்தப் பயத்திலும் நெஞ்சு நிமிர்ந்தது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவள் கயிற்றைத் திரும்பக் கட்டி வண்டியைப் பூட்டினாள். இருவரும் தேங்காய் ஏற்றப் போக வேண்டும்; கூலி, ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு. முச்சந்தியில் தேவதாஸ் வெயிலில் நடந்துகொண்டிருந்தான். அவள் மாடுகளை இழுத்து நிறுத்தினாள்.

"ஏறுங்க தம்பி."

பழக்கதோஷத்தில் கூலி கொடுக்க அவன் கை நோட்டுப் பைக்குள் போனது.

"அது வேணாம்," என்றாள்.

ஏறினான். பாதை முழுக்க மேடு பள்ளம். சற்று தூரம் பொறுத்துப் பார்த்தவன், நோட்டுப் பையைப் பலகைமேல் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.