614-ஆம் அறை

பன்னிரண்டு வருடம் அறை சுத்தம் செய்த சரளாவுக்கு ஒரு பரிசு கிடைத்தது. நிறுவனத்தின் மூன்று பெங்களூரு நட்சத்திர ஹோட்டல்களில் எதில் வேண்டுமானாலும் ஒரு நாள் தங்கலாம். அவள் தான் வேலை செய்யும் ஹோட்டலையே தேர்ந்தெடுத்தாள்.

“தெனம் போற எடம்தானே?” என்றான் கணவன் அய்யாவு.

“614 மூலை ரூம், லிஃப்ட் சத்தம் வராது. மூணு மாசத்துக்கொருக்கா மெத்தைய திருப்பிப் போடுறோம், பள்ளம் விழாது. ஆனா ஒருநாளாவது அதுல படுத்திருக்கேனா?”

தங்க வந்த அன்று மதியம் அந்த மெத்தையில் படுத்தாள். தலைமாட்டு விளக்குக் கூண்டின் உட்புறத்தில் ஒட்டடை தெரிந்தது. நின்று துடைப்பவர் கண்ணுக்கு அது படாது, படுத்தால்தான் தெரியும்.

“துடைக்கப் போறியா?” என்றான் அய்யாவு.

“நான் ஏன்? நான் கெஸ்ட்டு. போன் போட்டு எங்க செட்டுல ரூம் சுத்தம் பண்ற மகாவ வரச்சொல்லுங்க. அவளும் படுத்துப் பாக்கட்டும்.”