பிறையின் நடுத்துண்டு

“சந்திரன்ட மூணில ஒரு பங்குதான் நானா இதுக்குள்ள வரும். ரெண்டு நுனியும் வெளிய நிக்கும்.”

“பெரிசாத் தெரியத்தானேகா பெரிய டெலஸ்கோப் வாங்கின? சின்னனாப் பாக்கிறதெண்டா வாப்பாட மூக்குக்கண்ணாடியே போதுமே” என்றான் ஜவாத்.

தங்கை நிஹ்லா கணக்குப் போட்டிருந்த கொப்பியை அவன் முன்னால் வைத்தாள். கெமராவுக்குள் இருக்கும் சில்லு ஐந்தரை மில்லிமீற்றர் அகலம். டெலஸ்கோப் குழாயின் குவியத்தூரம் இரண்டாயிரம். வகுத்துப் பார்த்தால் வானத்தில் ஒரு பாகையின் ஆறிலொரு பங்குகூடப் படத்தில் விழாது. சந்திரனோ அரைப் பாகை. அவள் வாங்கிவரச் சொல்லி எழுதியது நானூறு மில்லிமீற்றர் குட்டைக் குழாய். அதுவென்றால் பிறை முழுதாக விழுந்து சுற்றிவரக் கொஞ்சம் வானமும் மிஞ்சியிருக்கும். கட்டாரிலிருந்து லீவில் வந்த ஜவாத் கடையிலிருந்ததிலேயே நீளமானதைத் தூக்கி வந்திருந்தான். வருமுன்னமே, இந்த முறை எங்கள் வீட்டுச் சாமான்தான் பிறை பிடிக்கும் என்று சாய்ந்தமருது முழுக்கச் சொல்லியும் விட்டான். படம் முழுதாக வராது என்று, பிறை பார்த்து ஊருக்கு நோன்பு அறிவிக்கும் பிறைக்குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்றாள் நிஹ்லா. அவன் கொப்பியை மூடி அவள் கையிலேயே கொடுத்தான்.

பௌதிகவியல் படித்தவளென்றாலும் ஒரு பெண்பிள்ளை பிறை பார்க்க மொட்டைமாடியில் நிற்பதா என்று குழுவில் பலர் முகஞ்சுளித்தார்கள். தலைவர் ஜெமீல் ஹாஜியார்தான் விட்டுக்கொடுத்தார். படம் சரியாக வந்தால் இனி மாதாமாதம் அவளே நிற்கட்டும், வராவிட்டால் அந்தக் கதையே வேண்டாம் என்றார். நிஹ்லாவுக்கு வேண்டியிருந்ததும் அந்த மாதாமாதம்தான்.

ஷஃபான் மாதம் இருபத்தொன்பது, சூரியன் மறைந்த மஃரிப் நேரம். பிறை கண்டால் விடிந்தால் நோன்பு. எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மாந்துறை வயல்களின் பக்கம் பார்த்தபடி பாடசாலை மாடியில் நின்றார்கள். வெட்டு முடிந்த வயல்களில் வைக்கோல் எரித்த புகை அடிவானத்தை மூடியிருந்தது. வெறுங்கண்ணுக்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. லெப்டொப் திரையில் மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்லிய வெள்ளைக் கோடொன்று, வளைவு பெரிதாகத் தெரியாமல் கிடந்தது. அது பிறையின் நடுத்துண்டு. ஊரில் வேறெவரும் காணாததைத் தான் கண்டுகொண்டிருப்பது நிஹ்லாவுக்குத் தெரிந்தது.

ஜெமீல் ஹாஜியார் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இது பிளேன் போன கோடுமாதிரியும் இரிக்கே மகள். ரெண்டு கொம்பையும் காட்டு, பாப்பம்.”

அவள் குழாயை மெல்ல நகர்த்தி ஒரு நுனியை எடுத்தாள், பிறகு மற்றதை. மூன்று துண்டையும் பொருத்தியதும் திரையில் பிறை பிறையாகவே நின்றது. படம் இப்படியேதான் வந்ததா என்று அவர் கேட்டார். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒட்டின படத்தை நம்பி ஊரை நோன்பு பிடிக்கச் சொல்ல ஏலாது என்றார் அவர். அவர் சொன்னதில் பிழை பிடிக்க முடியாததுதான் அவளுக்கு அதிகம் கசந்தது. கெமராவைக் கழற்றிவிட்டுக் கண்ணால் பார்க்கும் வில்லையைப் பூட்டுமுன் பிறை புகைக்குள் இறங்கிவிட்டது.

ஏன் இப்படி ஆனது என்று யாரோ கேட்டார்கள். ஜவாத் சிரித்தான்.

“சாமானில ஒரு குறையுமில்ல ஹாஜியார். புள்ள முதல் தடவதானே, கை பதறிட்டு.”

அப்படியென்றால் அடுத்த மாதம் கலியாண வீடுகளில் படம் பிடிக்கும் பர்ஸானிடம் கொடுத்துப் பார்ப்போம் என்றார் ஹாஜியார். ஓமென்று எல்லோருமே தலையாட்டினார்கள். அவள் தலையில் கைவைத்து, நீ ஊட்டுக்குள்ள இரி மகள், என்று அன்பாகவே சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

ஜவாத் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நிஹ்லா அவனருகே போய் நின்றாள்.

“நானா, அவர் கீழ இறங்க முந்தி ஒருக்காச் சொல்லிருங்க. என்ட கை பதறல்ல. இந்தக் கெமராவுக்கு இந்தக் குழாய் பொருந்தாதெண்டு நான் முந்தியே சொன்னன் எண்டு மட்டும் சொல்லுங்க.”