விரிக்காத வெள்ளைத் துணி

தன் கையிலிருந்த ஆயர் மோதிரத்தை முத்தமிட அக்கா குனிந்ததைத்தான் வாரினால் தாங்க முடியவில்லை. ஏழு நாள் நடந்து வந்திருக்கிறாள். முழங்கால்வரை சேறு. தாய் செத்த பிறகு கம்பளி நூற்று அவரைப் படிக்க அனுப்பியவள் இடோனி. இன்று அவர் ஆயர். அதற்கு மேல், ராஜாவின் பெரிய முத்திரையைக் காக்கும் சான்சலர்.

"எழுந்திரு அக்கா. இங்க யாரும் இல்ல."

"எழுத்துக்காரர் நிக்கிறாரே."

"ரெஜினால்ட் ஆளா? அவர் மேசை மாதிரி."

"ஆமாம்மா, ரெண்டு கால்தான் குறைச்சல்" என்றார் ரெஜினால்ட்.

இடோனி சிரிக்கவில்லை. "அலார்டைத் தூக்குல போடப் போறாங்க தம்பி. நாளை மறுநாள் தீர்ப்பு."

அவருக்குத் தெரியும். அலார்ட் அவள் ஒரே மகன், கோயில் எழுத்தர். மதுக்கடைச் சண்டையில் முக்காலியால் அடித்தான், அடிபட்டவன் செத்துப்போனான். கோயில்காரன் என்பதால் நீதிமன்றம் அவனை ஆயரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். ஆயுளெல்லாம் ஆயரின் சிறை என்றாலும் கழுத்து தப்பும். ஆனால் விதவையைக் கட்டியவன் அந்தச் சலுகையை இழந்துவிடுவான் என்பது சட்டம். அலார்டின் மனைவி சபினா அவனைக் கட்டும்போது விதவையா? ஆயரைக் கேளுங்கள் என்றார்கள் நீதிபதிகள். அந்தக் கேள்வி ராஜாவின் பெயரால் போனது. மெழுகில் முத்திரை அழுத்தியவர் சான்சலர் வாரின், பெற்றுக்கொண்டவர் ஆயர் வாரின். "பிரபு, உங்களுக்கு ஒரு கடிதம். நீங்கதான் அனுப்பியிருக்கீங்க" என்று ரெஜினால்ட் மேசைக்குக் குறுக்கே நீட்டியபோது அலுவலகமே சிரித்தது. பிரித்துப் பெயரைப் பார்க்கும்வரை அவரும் சிரித்தார்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு உண்மையைச் சொல்லி எழுத வைத்தார். அந்தத் திருமணத்தை நடத்தியதே நான்தான், மணமகள் விதவை, ஆகவே ஆசீர்வாதம் தரவில்லை. ரத்த பாசத்துக்காகப் பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஒரு கசப்பான நிம்மதிகூட இருந்தது.

"பதில் போயிடுச்சு அக்கா. அஞ்சு நாளாச்சு."

"என்னன்னு எழுதின?"

"நடந்ததை."

"என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?" இடோனி தரையிலேயே உட்கார்ந்தாள். "நான் கிளம்புற அன்னிக்குத்தான் சபினா வாயத் திறந்தா. முதல் புருஷன் கப்பல்காரன். காலையில கோயில் வாசல்ல மோதிரம் போட்டான். மத்தியானம் காத்து திரும்பிடுச்சுன்னு கப்பல்ல ஏறினான். கல்யாணச் சாப்பாட்டுக்குக்கூட உக்காரல. அதோட கடல்தான் அவனைக் கொண்டுபோச்சு. அவன் விரல் நுனி அவமேல படல தம்பி."

வெளியே மழை கொட்டியது. உடல் சேராத மணத்தில் விதவையானவள் சட்டத்தின் கண்ணில் கன்னிதான். அவளைக் கட்டியவன் கோயில்காரனாகவே இருப்பான். இந்த விதியை அவரே இரண்டு வழக்குகளில் விளக்கியிருக்கிறார்.

"அப்பவே ஏன் சொல்லல அவ?"

"நீ கேப்பேன்னு நின்னாளாம்."

அந்தக் காலை அவருக்கு நினைவு வந்தது. மணமக்கள் தலைக்குமேல் பிடிக்க வெள்ளைத் துணியின் நான்கு முனைகளையும் பிடித்து நான்கு பேர் நின்றார்கள். அதன் கீழ்தான் ஆசீர்வாதம்; விதவைக்கு அது கிடையாது. பெண் விதவை என்று யாரோ காதில் சொன்னார்கள். வெளியே குதிரை காத்திருந்தது. சாயங்காலத்துக்குள் முத்திரையிட வேண்டிய ஆவணங்கள் இருந்தன. கையை அசைத்தார். துணியை மடித்துவிட்டார்கள். சபினா உதட்டைத் திறந்து மூடியதாக இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"ஆயரே ஆசீர்வாதம் தரல, இதுக்கு மேல சாட்சி வேணுமான்னு ஊரே கேக்குது" என்றாள் இடோனி. "அவன் கழுத்துல கயிறு போடுறது அந்த முக்காலி இல்ல தம்பி."

அவர் பேனாவை எடுத்தார். இருபது வருடமாகத் தன் கையால் எழுதாதவர். நான் கேட்கவில்லை, நான் தவறினேன், அவள் கன்னி. மூன்று வரி. மெழுகு விரலைச் சுட்டது.

"பிரபு" என்றார் ரெஜினால்ட் மெல்ல, "ஒரே முத்திரையில ரெண்டு பதில். அதுவும் சொந்த மருமகனுக்கு. எதை நம்புவாங்க?"

"குதிரைக்கு எத்தனை நாள்?"

"இந்த மழையிலயா? மூணு நாள்."

"தீர்ப்பு நாளை மறுநாள்னு அக்கா சொன்னாங்க, கேட்டீங்களா?"

"கேட்டேன் பிரபு."

"ஆளை அனுப்புங்க."

தூதன் முற்றத்திலேயே குதிரையை முடுக்கினான். வாரின் ரொட்டியும் சூடான சூப்பும் கொண்டுவரச் சொன்னார். இடோனி எழுந்து ஈரச் சால்வையைப் பிழிந்து மறுபடி போர்த்திக்கொண்டாள்.

"இந்த மழையில எங்க போற? சாப்பிட்டுட்டுப் போ அக்கா."

"சிறை வாசல்ல சபினா தனியா நிக்கிறா" என்றாள். கொஞ்சம் நின்றாள். அவர் கன்னத்தைத் தொடுவதுபோல் கை உயர்ந்தது. பிறகு, ஆயரிடம் விடைபெறும் முறைப்படி தலையைத் தாழ்த்திவிட்டுப் படி இறங்கினாள்.

அவர் ஜன்னலுக்குப் போனார். குதிரை கண்ணுக்குத் தெரியவில்லை. சாலையில் அதன் குளம்புத் தடங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தண்ணீரால் நிரம்பிக்கொண்டிருந்தன. அவற்றின்மேல் கால் வைக்காமல், ஓரமாக, அக்கா நடந்துகொண்டிருந்தாள்.