காலிப் பெட்டியின் வகை

அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார் என் முதலாளி கருணாகரன். மாட்டேன் என்றேன். மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் அதே பதில்தான். இந்தச் சந்திரமதிக்குத் தலைக்கனம் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. இருக்கட்டுமே!

ஆயர் குரோவில் இருக்கும் எங்கள் கம்பெனி கிளினிக்குகளுக்கு மென்பொருள் செய்கிறது. நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாம் போட்டால் மருந்துப் பையில் ஒட்டும் லேபல் அச்சாகும். அதை எழுதும் கணினி மொழியும் எங்களுடையதே. நிரல் ஓடுவதற்கு முன்பே எது பெயர், எது நோயாளி கார்டு எண், எது மில்லிகிராம் என்று வகை பார்த்து, ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தால் நிறுத்திவிடும் சரிபார்ப்பானை ஒன்பது வருடத்துக்கு முன் எழுதியவள் நான்.

அதில் நான் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஒரு பட்டியலைத் தலைகீழாக்கும் செயல்கூறு, அதாவது குட்டி நிரல் ஒன்று, எழுதுங்கள். பெயர்ப் பட்டியலோ மருந்துப் பட்டியலோ, எந்த வகைக்கும் செல்லும் என்று என் சரிபார்ப்பான் தாராளமாகப் பொதுவாக்கிவிடும். அது சமையல் குறிப்பு மாதிரி, எத்தனை வீட்டில் வேண்டுமானாலும் சமைக்கலாம். ஆனால் நிரலுக்குள் மதிப்பைப் போட்டு எடுக்கிற காலிப் பெட்டி ஒன்றைச் செய்தால் பொதுவாக்காது. ஏனென்றால் பெட்டி ஒன்றுதான். காலியாக இருக்கிறதே என்று எல்லா வகைக்கும் திறந்துவிட்டால் ஒருவர் உப்பைப் போட்டுவிட்டுப் போவார், அடுத்தவர் சீனி என்று நினைத்துக் காப்பியில் கலப்பார். முதலில் எந்த வகை உள்ளே போகிறதோ, கடைசிவரை அதுதான் பெட்டியின் வகை. கருணாகரன் எடுக்கச் சொன்னது இந்த விதியைத்தான்.

காரணம் எங்கள் இளைய நிரலாளன் ஜெயபாலன். புதிதாக எழுதிய திரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காலிப் பெட்டியை வைத்திருந்தான் அந்த மகராசன். மருந்தளவும் அதில், கார்டு எண்ணும் அதில். சரிபார்ப்பான் நாற்பது இடத்தில் சிவப்புக் கோடு போட்டது. மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை, பெரிய கிளினிக் குழுமம் ஒன்று எங்கள் மென்பொருளைப் பார்க்க வருகிறது. அன்று புதன்.

"அக்கா, ரெண்டும் நம்பர்தானே லா? உங்க செக்கர்தான் சும்மா கத்துது" என்றான்.

"ரெண்டு பெட்டி வைடா. மூணு நாள் வேலை."

"மூணு நாள் எங்க இருக்கு?" கருணாகரன் குறுக்கே வந்தார். "சந்திரா, வெள்ளிக்கிழம வரைக்கும் அந்த வரிய எடு. அப்புறம் போட்டுக்கலாம்."

"அப்புறம்னு ஒன்னு வராது பாஸ். கிளினிக்ல ஓட ஆரம்பிச்சிட்டா அத யாரு தொடுவா?"

"எடுக்கிறியா, வீட்டுக்குப் போறியா?"

ஐம்பத்தோரு வயதில் எனக்கு எவன் வேலை தருவான்? ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"போறேன்."

அவர் ஜெயபாலனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வரியைத் தேடிப் பிடித்து, மேலும் கீழும் பார்க்காமல், மேலிருந்த குறிப்போடு சேர்த்து அழித்தான். நாற்பது சிவப்புக் கோடும் மறைந்தன.

"பாத்தியா? ஒன்னும் ஆவல."

"போறதுக்கு முன்னாடி உங்க பேர்ல ஒரு லேபல் அடிச்சுட்டுப் போறேன் பாஸ்."

கருணாகரனுக்குப் பிரஷர், தினம் ஐந்து மில்லிகிராம் மாத்திரை போடுகிறார் என்பது ஆபீஸுக்கே தெரியும். அவர் பெயரைப் போட்டேன், அளவு ஐந்து என்று போட்டேன். கிளினிக்கில் மருந்து கொடுக்கிற மிஸ்ஸி சில சமயம் கார்டு எண்ணை மறந்துபோய்க் கடைசியில்தான் போடுவாள். நானும் அப்படியே கடைசியில் போட்டேன், 4471. அதுவும் ஐந்து இருந்த பெட்டிக்கே போனது. அச்சுப் பொத்தானை அழுத்தினேன்.

வந்த லேபலைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். 'கருணாகரன். பிரஷர் மாத்திரை. தினம் ஒரு வேளை, 4471 மில்லிகிராம்.'

"சாப்பிடுங்க பாஸ்."

"அலாமாக்" என்றான் ஜெயபாலன். கருணாகரன் லேபலை இரண்டு தரம் படித்தார். படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"டெமோவுல இந்த மாதிரி மாத்திப் போடாம பாத்துக்கலாம்."

எனக்கு வந்ததே கோபம்! பையை எடுத்துக்கொண்டு மோட்டாரில் ஏறினவள் காஜா பெராங்கில் என் வீட்டு வாசலில்தான் இறங்கினேன்.

மறுநாள் காலை வீட்டு கேட்டில் மெர்டேக்கா கொடி கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர்தான். தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"சந்திரா, அவங்கள அடுத்த வாரம் வரச் சொல்லிட்டேன். வந்து அந்த வரியப் போடு."

"நான் போட மாட்டேன். எடுக்கச் சொன்னவர்தான் போடணும்."

"எனக்கு என்னா லா தெரியும்?"

"பழைய பதிப்பத் திறங்க. எங்க இருக்குன்னு நான் சொல்றேன். பாத்துத் தட்டுங்க."

பதினைந்து வருடமாக நிரல் எழுதாத மனிதர். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவது எனக்குக் கேட்டது. நான் அவசரப்படுத்தவில்லை, கொடியை இறுக்கிக் கட்டினேன்.

"போட்டாச்சு."

"அதுக்கு மேல தமிழ்ல ஒரு குறிப்பு இருக்கும். அதையும் போடுங்க. சத்தமா படிச்சுக்கிட்டே போடுங்க."

ஒன்பது வருடமாக ஒருவரும் படிக்காத குறிப்பு அது. தட்டிக்கொண்டே படித்தார்.

"'இந்த விதியை எடுப்பவர்...'" தொண்டையைச் செருமிக்கொண்டார். "'முதல் மருந்தைத் தானே சாப்பிடட்டும்.'"