கடைசியாகச் சாப்பிடுபவர்

"புனிதா, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ சமையக்கட்ட விட்டு வெளிய வராத. நல்ல காரியம் பேசற எடம்."

என் கணவரின் அண்ணன் முருகையன் இதைச் சொன்னபோது அவருக்குத்தான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் கண்ணில் படக்கூடாது. ஆனால் வருகிறவர்களுக்குக் கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் என் கையால்தான் ஆக வேண்டும். தாலி அறுத்தவளின் முகத்தில் இருக்கிற அமங்கலம் அவள் கிளறும் கேசரியில் எப்படி இல்லாமல் போகிறது என்று வளவனூரில் இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

என் கணவர் போய் ஒன்பது வருஷம். புதுச்சேரி சாலையில் விளக்கில்லாமல் நின்ற ஒரு கரும்பு டிராக்டர். இருந்தவரை நான் வேலையை முடித்துவிட்டு வரும்வரை தட்டைத் தொட மாட்டார். "பொண்டாட்டிக்காகப் பசியோட குந்திக்கினு இருக்கான் பாரு" என்று அண்ணன் ஊர் கேட்கச் சிரிப்பார். கணவரை அடக்கம் செய்த பிறகு எனக்காகக் காத்திருக்க ஆளில்லை. எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியில் எது மீதியோ அதைச் சாப்பிட்டேன்.

அன்று இன்னொரு காரியமும் பாக்கி இருந்தது. மனையியலில் பட்டம் முடித்திருந்த என் மகள் அஸ்வினிக்கு முதுகலையில் இரண்டு இடம் கிடைத்திருந்தது. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உணவியல். கோயம்புத்தூர் பக்கம் விடுதியில் தங்கி, குடும்ப, நுகர்வோர் பொருளியல். அவளுக்கு இரண்டாவதுதான் வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கி அன்று பகல் ஒரு மணிக்குள் இணையத்தில் ஏற்றாவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். நான்கு நாளாக அவள் பெரியப்பா முருகையன் மசியவில்லை.

"குடும்பம் பண்றத்துக்கு கோயமுத்தூர் போய்ப் படிக்கணுமா? ஒங்க பெரிம்மா எங்க போய்ப் படிச்சா? அந்தச் சாப்பாட்டுப் படிப்பப் படி. மாப்பிள்ள வீட்ல சொல்லிக்கவும் நல்லாருக்கும்."

"ரெண்டுமே சமையல் படிப்பு இல்ல பெரியப்பா."

"எனக்குத் தெரியும், நீ போ."

அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அதனால்தான் அவர் வாழ்க்கையில் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

கடைசி வருஷத்தில் அஸ்வினி ஓர் ஆய்வு செய்தாள். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அறுபது வீடுகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தாள். முடிவெடுப்பவர் யார், முதலில் எழுபவர் யார், கடைசியாகச் சாப்பிடுபவர் யார். எங்கள் வீட்டுத் தாளைப் பெரியப்பாவே சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு நிரப்பினார். முடிவெடுப்பவர்: 'நான்'. கடைசியாகச் சாப்பிடுபவர்: 'அப்படி யாரும் இல்லை. எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்'. கீழே கொட்டையாகக் கையெழுத்து. அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய எச்சில் தட்டை எடுத்துப் போனவள் நான். நான் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.

பத்தரைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை திருமுருகன், அவன் அப்பா சீனுவாசன், அம்மா. பெரியப்பாவின் மனைவி, என் ஓரகத்தி பாஞ்சாலி அக்கா தட்டை ஏந்திப் போனாள். நான் கதவிடுக்கில் நின்றேன்.

"பொண்ணு இன்னா படிச்சிருக்குது?" என்றார் சீனுவாசன்.

"மனையியலுங்க," என்றார் பெரியப்பா. "சமையல், வீட்டு வேல எல்லாத்துக்கும் டிகிரி வாங்கிட்டா. ஒங்க வீட்டுக்குன்னே படிச்ச மாதிரி."

"அப்போ எங்க வீட்டுக்காரிக்கு ரெஸ்ட்டுன்னு சொல்லுங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தபடியே சிரித்தான்.

"நான் சமைக்கறதப் பத்திப் படிக்கலங்க," என்றாள் அஸ்வினி. "ஒரு வீட்ல யாரு இன்னா வேல செய்யறாங்க, யாருக்கு இன்னா கெடைக்குதுன்னு படிச்சேன். அறுவது வீட்ல போய்க் கேட்டேன்."

"இன்னான்னு கேட்ட?"

"வீட்ல கடைசியா யாரு சாப்பிடறாங்கன்னு."

சீனுவாசன் பஜ்ஜியை மென்றபடி கையை ஆட்டினார். "இதெல்லாம் ஒரு படிப்பா? எங்க வீட்ல அந்த வித்தியாசமே கெடையாதும்மா. எல்லாரும் ஒண்ணாதான்..."

"நான்தான்."

வந்ததிலிருந்து வாய் திறக்காத அவர் மனைவிதான் சொன்னாள். குரல் உயரவில்லை. "நான்தாம்மா கடைசி. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து."

மாப்பிள்ளை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவள் கையால் சாப்பிட்டவனுக்கு அது அன்றுதான் வந்து சேர்ந்த செய்தி.

போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். கார் தெருமுனை திரும்பும்வரைதான் பெரியப்பாவால் அடக்கிக்கொள்ள முடிந்தது.

"மானத்த வாங்கிட்டியேடி! பெரிய பேஜாரா போச்சி உன்னோட. கோயமுத்தூரும் கெடையாது, சாப்பாட்டுப் படிப்பும் கெடையாது. எவன் கையெழுத்துப் போடறான்னு பாக்கறேன்."

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அஸ்வினி அழவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"இதப் படிம்மா."

'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்றிருந்தது.

"இதுல நீ யாரும்மா?"

இந்தக் குற்றத்தில் என்னையும் விட்டுவைக்க முடியாது. பன்னிரண்டாவது தேறியவள் நான். மல்லாட்டைக் கடலை மடித்து வரும் காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறிய மாட்டேன். அப்படிப்பட்டவள் ஒன்பது வருஷமாக மதிப்பெண் அட்டையிலிருந்து சுற்றுலாக் கடிதம்வரை பெரியப்பாவிடம் நீட்டி, அவர் பேனா தேடும்வரை நின்றிருந்தேன். எந்தப் பள்ளிக்கூடமும் அவரைக் கேட்கவில்லை. ஆண் கையெழுத்துத்தான் செல்லும் என்று எந்தத் தாளிலும் அச்சடித்திருக்கவில்லை. செத்தது என் புருஷன். நான் உயிரோடு இருப்பது எனக்கே நினைவில்லாமல் போயிருந்தது.

போட்டேன். உறவுமுறை என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதினேன். விரலில் இருந்த கடலைமாவு தாளின் ஓரத்தில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. அஸ்வினி அதைத் துடைக்காமல் அப்படியே படம் பிடித்து ஏற்றினாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது.

இரண்டு மணிக்குப் பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தார். பரிமாறினேன். பிறகு எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அஸ்வினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா இது?"

"சாப்பிடறேன் மாமா."

"எனக்கு யாரு வெக்கறது?"

"சட்டி இங்கதான் இருக்குது. எல்லாரும் ஒண்ணாதான் சாப்பிடறோம்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? காலேஜில ஒங்க கையெழுத்தோட இருக்குது. நாளைக்கி அது பொய்னு ஆயிடக்கூடாது பாருங்க."

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவாமலே வெளியே போனார். பாஞ்சாலி அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். வாசலைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள்.

"நீயும் குந்துக்கா."

"அவரு இன்னும் சாப்பிட்டு முடிக்கலியேடி," என்றாள்.

அவருடைய தட்டை இன்னொரு தட்டால் மூடினாள். எனக்கு ரசம் ஊற்றினாள். பிறகு சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

நான்கு மணிக்கு அவர் வந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். அதன் பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.