மூன்றாவது தலை

பல்கலைக்கழக விடுதியில் இடம் வேண்டுமென்றால் வீடு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அவளுடைய வீடு முப்பத்தெட்டில் இருந்தது. அப்பா மூன்று வேறு வேறு சாலைகளில் காரை ஓட்டி அளந்து பார்த்தார். ஒரு தடவை வேண்டுமென்றே சந்தையைச் சுற்றிக்கொண்டுகூடப் போனார். முப்பத்தொன்பதரைக்கு மேல் ஏறவில்லை. விடுதி அலுவலகத்து எழுத்தர் அப்பா நீட்டிய விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க வீட்டக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம்," என்றார். பெண் பிறந்த கையோடு அவள் எந்த விடுதிக்கு விண்ணப்பிப்பாள் என்று யோசித்தா வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவார்கள்?

ஆக, கட்டடக்கலை இரண்டாம் ஆண்டிலும் அவள் தினமும் காரில்தான் போய் வந்தாள். அப்பாவின் பழைய காரை அவளே ஓட்டினாள். முன்சீட்டில் அடுத்த தெருவிலிருந்து ஏறிக்கொள்ளும் வகுப்புத் தோழன். அவனைக் கொட்டாவி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சீட் பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டதும் தூங்கிவிடுவான்.

நகரத்துக்குள் நுழைய இருந்தது ஒரே ஒரு பாலம். காலையில் அதில் வண்டிகள் நகருவதைப் பார்த்தால் நத்தைக்கே சிரிப்பு வரும். ஆனால் ஓரமாக ஒரு தனித் தடம் இருந்தது, மூன்று பேராவது இருக்கும் கார்களுக்கு மட்டும். அதில் போனால் பாலம் ஆறு நிமிடம், மற்றவற்றில் ஐம்பது. தடத்தின் வாயில் ஒரு பெண் போலீஸ் கையில் கோலோடு நின்று ஒவ்வொரு காரிலும் தலைகளை எண்ணுவார். துணிக்கடைப் பொம்மைக்குத் தொப்பி போட்டுப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வந்த ஒருவரைப் பிடித்து, பொம்மையிடமும் உரிமம் கேட்டவர் அவர்.

அவள் காரில் இரண்டு தலைதான் தேறியது. மூன்றாவது தலை வீட்டிலேயே கிடைத்தது. அம்மாவின் தம்பி, அவளுடைய மாமா. வயது முப்பத்தாறு. ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், நான்கு வருஷமாக இருந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம். அந்தத் தலையத்தானே கேக்கறீங்க? தாராளமா வரேன்," என்று சம்மதித்தார்.

அன்றிலிருந்து அதை அவர் ஓர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார். ஐந்து மணிக்கே எழுந்து சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு காரின் பின்சீட்டில் தயாராக இருப்பார். தடத்தின் வாய் வந்ததும் மோவாயைத் தூக்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதைப்போல அசையாமல் இருப்பார். மாலைவரை பல்கலைக்கழகத்தில்தான் வாசம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரைப் பேராசிரியர் என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். ஒரு பையனின் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சுருக்கலாம்," என்றுகூடச் சொல்லியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்ட அன்று அவளுக்கு மானமே போய்விட்டது.

இந்த நிலையில் வந்தது ஆண்டு இறுதி மதிப்பீடு. அவரவர் செய்த கட்டட மாடல் காலை எட்டு மணிக்கு மேஜைமேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷத்தையே திரும்பப் படிக்க வேண்டும். இது வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் மூன்று நிமிஷம் பிந்தி வந்த கொட்டாவி, இந்த வருஷம் அவளோடு உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தான். பட்ட புத்தியில் இந்தத் தடவை தன் மாடலை முதல் நாளே வகுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டான்.

அவள் செய்திருந்தது ஒரு பேருந்து நிலையம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், முழுவதையும் மூடும் ஒரே கூரை. அட்டையை மூன்று அடுக்காக ஒட்டி, வளைத்து, தேய்த்து, நான்கு மாதம் அதிலேயே கிடந்தாள். ஓரங்களில் குச்சிக் கால்கள் இருபத்துநான்கு. அடிப்பலகையைக் கல்லூரியில் வைத்துவிட்டு, கடைசிப் பூச்சுக்காகக் கூரையை மட்டும் காலோடு வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். அங்கேதான் சனி பிடித்தது. அடிப்பலகை இல்லாமல் குச்சிக் கால்களை எதன்மேலும் ஊன்றி வைக்க முடியாது. காரில் யாராவது கூரையை உள்ளேயிருந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கொட்டாவியிடம் கொடுத்தால் பாதி வழியில் அவன் கை தொங்கிவிடும்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் மாமா. பின்சீட்டில் சரிந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். கூரையைத் தலைக்குமேல் இறக்கினாள். மாமா பேருந்து நிலையத்துக்குள் மறைந்துபோனார்.

"உள்ள எப்படி இருக்கு மாமா?"

"எல்லாம் வசதியாத்தான் இருக்கு பாப்பா. காத்துதான் கொஞ்சம் கம்மி."

ஏழு இருபதுக்குத் தடத்தின் வாய்க்கு வந்தார்கள். கோல் நீண்டது. கார் நின்றது.

"ஓட்டறது ஒண்ணு, தூங்கறது ரெண்டு. மூணாவது எங்கம்மா?"

"பின்னாடி இருக்காரு மேடம்."

"பின்னாடி ஏதோ பந்தல்தான் இருக்கு."

"பந்தல் இல்ல மேடம், பஸ் ஸ்டாண்டு. அதுக்குள்ள எங்க மாமா இருக்காரு."

"வணக்கம் மேடம்," என்றது பேருந்து நிலையம்.

பெண் போலீஸ் அசரவில்லை. "குரல எண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல. தலை கண்ணுக்குத் தெரியணும். இல்லன்னா அந்தப் பக்கம் போயிடுங்க."

அந்தப் பக்கம் என்றால் ஐம்பது நிமிடம். கூரையை எடுக்க வேண்டுமானால் கதவைத் திறந்து மாமா இறங்க வேண்டும். அந்தத் தடத்தில் யாரும் இறங்கக் கூடாது. பின்னால் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். "மேடம், இன்னிக்கி எனக்குப் பரீட்சை மேடம், ஒரு வருஷமே போயிடும் மேடம்," என்று கெஞ்சினாள். கோல் அந்தப் பக்கத்தைக் காட்டியபடியே இருந்தது.

பின்சீட்டிலிருந்து, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன," என்று ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"மாமா, ஒண்ணும் பண்ணிடாதீங்க! மாமா!"

டப்பென்று ஒரு சத்தம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான்கு மாதக் கூரையைப் பிளந்துகொண்டு அவருடைய தலை வெளியே வந்திருந்தது. புருவத்தில் அட்டைத் தூள், காதில் கொஞ்சம் பசை. மோவாயைத் தூக்கி, வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பெண் போலீஸ் அந்தத் தலையை ஒரு நிமிஷம் பார்த்தார். "மூணு. போம்மா."

பாலம் முழுக்க அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். மாமா எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை என்பதால், பாலம் முடிவதற்குள் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "திட்டறதுன்னா திட்டிடு பாப்பா," என்றார். அவள் திட்டினாள். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டினாள். நான்கு வருஷமாகச் சொல்ல நினைத்து அடக்கி வைத்திருந்ததும் அதில் சேர்ந்து வந்தது. கட்டுரையைத் திருத்தியதையும் விடவில்லை. மாமா வேகத்தடை வரும்போதெல்லாம் கூரையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, "ஆமா, ஆமா," என்று ஒப்புக்கொண்டே வந்தார்.

ஏழு நாற்பத்தெட்டுக்குப் பல்கலைக்கழகத்தின் வாகன நிறுத்தத்தில் நான்காவது மாடியில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே அடுத்த சங்கடம். போன தலை திரும்பி வரவில்லை. கூரையை மேலே தூக்கினால் பிளந்த அட்டை காதுக்கு அடியில் குத்தி மாட்டிக்கொண்டது. இந்தக் கூத்தில் கொட்டாவி கண் விழித்தான். காலரைப்போலக் கழுத்தில் பேருந்து நிலையத்தை மாட்டியிருந்த மாமாவைப் பார்த்தான். கனவு என்று முடிவு செய்து மறுபடி கண்ணை மூடப் போனவனை அவள் உலுக்கி எழுப்பி, கால்களைப் பிடிக்க வைத்தாள். அட்டை வெட்டும் கத்தியை எடுத்து, இரண்டு காதுக்கும் நேராக ஒவ்வொரு பிறை வெட்டினாள்.

"பாப்பா, காது ஜாக்கிரதை."

"ஆடாதீங்க மாமா. ஆடினா எனக்குப் பொறுப்பில்ல."

கூரை கழன்று வந்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். பிசிறுகளைச் சீவி ஓட்டையை ஒழுங்கு செய்ய ஒரு நிமிஷம். பிறகு படிக்கட்டில் ஓட்டம். மாமா முன்னால் ஓடி, "வழி விடுங்க, வழி விடுங்க, பஸ் ஸ்டாண்டு வருது!" என்று கூட்டத்தை விலக்கினார். பேராசிரியர் சொல்கிறாரே என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஏழு ஐம்பத்தெட்டுக்கு மாடல் மேஜைமேல் இருந்தது.

மதிப்பிட மூன்று பேர் வந்திருந்தார்கள். துறைத் தலைவர், எதற்கும் தலையாட்டும் ஒரு விரிவுரையாளர், வெளியிலிருந்து வந்த ஓர் அம்மாள். அந்த அம்மாள் முப்பது வருஷமாக ரயில் நிலையங்கள் கட்டியவர். மாடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஓட்டைக்கு நேராக நின்றார்.

"இது என்ன?"

"வெளிச்சத்துக்கு மேடம்." சொன்ன வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மழை பெஞ்சா?"

"மழைத் தண்ணி சேமிக்கறதுக்கும் அதுதான் மேடம்."

"பஸ்சுக்கு மேலயா?"

"பஸ் கிளம்பிப் போயிடும் மேடம்."

விரிவுரையாளர் தலையாட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார். "சரி. ரெண்டு பக்கமும் பிறை மாதிரி வெட்டியிருக்கியே, இது எதுக்கு?"

அவள் மூளையை எல்லாப் பக்கமும் துழாவினாள். கைவசம் இருந்த பொய்கள் தீர்ந்துபோயிருந்தன. ஒரு வருஷம் கண்முன்னால் நழுவிக்கொண்டிருந்தது.

"காது மேடம்," என்றாள்.

துறைத் தலைவரின் பேனா நின்றது. "யார் காது?"

"எங்க மாமாவோடது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தெட்டு கிலோமீட்டர், பாலம், கோல், டப். சொல்லி முடித்தபோது அந்த அம்மாள் கதவைப் பார்த்தார். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் இஸ்திரிச் சட்டையும் தலை நிறைய அட்டைத் தூளுமாக ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரக் கூப்பிடு."

மாமா உள்ளே வந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தார். விரிவுரையாளர் எழுந்து நின்று பதில் வணக்கம் வைத்துவிட்டார். அந்த அம்மாள் கேட்டதும் மாமா குனிந்து கூரை ஓட்டைக்குள் தலையை விட்டுக் காட்டினார். கொஞ்சமும் பிசகாமல் பொருந்தியது.

"இது உங்க தலையில எவ்வளவு நேரம் இருந்தது?"

"பாலத்துலேருந்து வண்டி நிறுத்தற வரைக்கும் இருபத்தெட்டு நிமிஷம் மேடம். நடுவுல வேகத்தடை பதினொண்ணு. எண்ணிக்கிட்டே வந்தேன். பாப்பா திட்டிக்கிட்டு இருந்தா, எனக்கு வேற வேலை இல்ல."

அந்த அம்மாள் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இருபத்துநான்கும் நின்றன. கூரையின் ஓரத்தை விரலால் அழுத்தினார். தொய்யவில்லை.

"நேத்து வேற காலேஜ்ல பார்த்ததுல நாலு மாடல் மின்விசிறி போட்டதுமே விழுந்துடுச்சு," என்றார் அவர். "இது நடுவுல ஒரு மனுஷன் நுழைஞ்சும் நிக்குது. கூரைக்கு முழு மார்க் போடறேன். சொன்ன பொய் மூணுக்கும் அஞ்சஞ்சு மார்க் குறைக்கறேன். பாஸ். ஆனா ஒண்ணு, உன் வரைபடத்துல ஓட்டையே இல்ல. மாடலும் படமும் ஒண்ணா இருக்கணும். நாலு மணிக்குள்ள வரைஞ்சு கொண்டுவா. அப்புறம்தான் முத்திரை."

வகுப்பறை மூலையில் மாமாவை உட்கார வைத்து நாடாவால் தலையை அளந்தாள். காதோடு சேர்த்துப் பதினெட்டு சென்டிமீட்டர். மாடலைவிட நிஜம் ஐம்பது மடங்கு என்பதால், படத்தில் ஒன்பது மீட்டர் என்று குறித்தாள். "என் தலை ஒம்போது மீட்டரா!" என்று மாமா எழுந்துவிட்டார். அவரை மறுபடி உட்கார வைப்பது பெரிய பாடாக இருந்தது. பிறகு அவர் அசையவில்லை. மதியம் முழுக்க, அவள் தப்பாக வரைந்துவிடக் கூடாது என்ற பயத்தில், கொட்டாவி வாங்கி வந்த காப்பியைக்கூடத் தலையைச் சாய்க்காமல் குடித்தார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. வெளியே வந்தால் மாமா அதற்குள் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "அக்கா, பாஸ் பண்ணிட்டோம்க்கா!" என்றார். குரல் தழுதழுத்தது. அந்தப் பக்கம் அம்மா போட்ட சத்தம் இவளுக்கே கேட்டது. "பண்ணிட்டோமா? நீ என்னடா பண்ணினே? போனை அவகிட்ட குடு."

மாமா போனை நீட்டினார். காலையில் திட்டியது ஒவ்வொன்றும் அவள் நினைவுக்கு வந்தது.

"என்னடி உளர்றான் இவன்?" என்றாள் அம்மா. "யாரு பாஸு?"

"ரெண்டு பேரும்தாம்மா," என்றாள் அவள்.