கேப்டன் காதில் விழுந்தது

கேப்டன் ஆனதிலிருந்து தமிழ்ச்செல்வனின் நடையே மாறிவிட்டது. ஆன்லைனில் கோட்டைச் சண்டை விளையாடும் ஐந்து பேர் அணிக்குத்தான் கேப்டன். ஆனால் கல்லூரி கேன்டீனில் அவன் டீ குடிக்கும் தோரணையைப் பார்த்தால் தருமபுரி மாவட்டத்துக்கே தளபதி என்று தோன்றும். போன வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை வாங்கித் தந்தவன் என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை. "டீம்னா ஒரே குரல்தான் கேக்கணும், அது கேப்டன் குரல்" என்று எல்லாரிடமும் மந்திரம் போல ஓதுவான்.

இந்த வருட இறுதிப் போட்டியில் அவரவர் வீட்டிலிருந்து ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். எதிரியின் வடக்கு வாசல் காலியாகக் கிடந்தது. "எல்லாரும் கோட்டைய விட்டு வெளிய வாங்க, போய் அடிச்சிடலாம்" என்றான் தமிழ்ச்செல்வன்.

பின்வாசலைக் காத்து நின்றவள் பிரியதர்ஷினி. அவனுக்கு ஒரு வருடம் இளையவள். ஊர் பென்னாகரம் பக்கம். "சரிங்கண்ணா" என்பதற்கு மேல் பேசாதவள் திடீரென்று கத்தினாள். அவன் காதில் விழுந்தது, "போடா! போடா!"

கேப்டனைப் பார்த்தா இப்படிச் சொல்கிறாள்? அந்த நொடியே அவள் மைக்கை மியூட் செய்தான். மற்ற மூவரும் அவன் பின்னால் ஓடினார்கள். ஒளிந்திருந்த எதிரிப்படை பின்வாசல் வழியாகச் சாவகாசமாக உள்ளே நுழைந்தது. கோட்டையும் போயிற்று, கோப்பையும் போயிற்று.

தோற்ற கோபத்தை அவள்மேல் காட்டினான். "கேப்டனையே போடான்னு சொல்றவங்களுக்கு டீம்ல எடமில்ல" என்று கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அவளைக் குழுவிலிருந்தே நீக்கினான். அவள் விளக்கம் சொல்ல வந்தபோது நம்பரையும் பிளாக் செய்தான். மறுநாளிலிருந்து கல்லூரியில் அவளுக்குப் பெயரே 'போடா' என்று ஆகிவிட்டது. பஸ்ஸில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில், முதலாண்டு மாணவர்களுக்குத் தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொல்லி அவனுக்கு அழைப்பு வேறு. வெற்றியைப் பற்றிப் பேசிவிட்டு, "கட்டுப்பாடு இல்லன்னா என்னாகும், பாருங்க" என்று இறுதிப் போட்டியின் பதிவை அரங்கத் திரையில் ஓடவிட்டான். பிரியதர்ஷினி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது தெரிந்தேதான் ஓடவிட்டான்.

பெரிய ஸ்பீக்கரில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு மூலையில் சிலர் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவனும் சிரித்தான். ராஜாமணி என்ற மாணவன் எழுந்தான்.

"அண்ணா, அது போடா இல்லீங்க. பேடா. எனக்கும் பென்னாகரம் பக்கந்தான், எங்க வூட்ல கன்னடம்தான் பேசுவோம். பேடான்னா வேணாம்னு அர்த்தம். போவாதீங்கன்னுதான் கத்தியிருக்காங்க."

அரங்கமே இப்போது அவனைப் பார்த்துச் சிரித்தது. திரையில் கோட்டை விழுந்துகொண்டிருந்தது. தமிழ்ச்செல்வனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்து ஊர்ப் பேச்சுகூடத் தெரியாமல் இவ்வளவு ஆட்டம் ஆடியிருக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. மைக்கை வைத்துவிட்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போனான்.

"தப்பு என்னோடதும்மா. குரூப்ல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன். டீமுக்குத் திரும்ப வந்துரு."

"எங்கிட்ட கேக்கறது இருக்கட்டுங்கண்ணா. எங்கம்மாகிட்ட பேசுங்க" என்றாள். "அன்னிக்கு பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருந்தாங்க. நம்ம பேச்சாலதான் புள்ளைக்கு அவமானம்னு, அன்னிலேருந்து எங்கிட்ட கன்னடமே பேசறதில்ல."

அவளே அம்மாவுக்குப் போன் போட்டு, கேப்டன் பேசுகிறார் என்று சொல்லி அவனிடம் நீட்டினாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவன் தடுமாறுவதற்குள் மறுமுனையில் அந்த அம்மா முந்திக்கொண்டார். வராத தமிழைத் தேடித் தேடிப் பிடித்துப் பேசினார்.

"சார், எம்மகளு இனிமே தமிளு மட்டும்தா பேசும் சார். நா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க சார்."

தமிழ்ச்செல்வனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பேடாம்மா, மன்னிப்பெல்லாம் பேடா" என்றான்.